இரும்பு அலமாரியில் மாமாவின் கார்டு

பொன்னேரி
12.2.1977

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை எனக்கென்றே கொடுத்த மேஜையில் வைத்து, கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறு வருஷமாக இரத்தினாம்பாள் தர்ம ஆஸ்பத்திரியின் ஜன்னலில் நின்று சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த உன் தம்பிக்கு இப்போது தனி அறை. அறைக்குப் பெயர் கார்டு ரூம். வெளியே பலகை மாட்டப்போகிறார்கள்.

இது பெரிய டாக்டர் இராமலிங்கத்தின் யோசனை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஊத்துக்கோட்டையிலும் ஆரம்பாக்கத்திலும் பழவேற்காட்டிலும் கிளை இருக்கிறது, உனக்குத் தெரியும். இதுவரை ஓர் இடத்தில் கொடுத்த மருந்து இன்னோர் இடத்துக்குத் தெரியாது. இனிமேல் ஓர் ஆளுக்கு ஒரு கார்டு. எந்தக் கிளையில் வைத்தியம் பார்த்தாலும் சனிக்கிழமை பஸ்ஸில் அந்தக் குறிப்பு இங்கே வந்துவிடும். நான் அதைக் கார்டில் ஏற்றுவேன். ஒன்பதாயிரம் பேருடைய உடம்பு ஒரே இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. சாவி என் இடுப்பில்.

வேலை சுலபம் என்று நினைக்காதே. முனுசாமிகள் மட்டும் நூற்று எழுபத்தாறு பேர். அதில் பதினான்கு பேருக்கு அப்பா பெயரும் ஒன்று. போன வாரம் ஒரு முனுசாமிக்கு வந்த வயிற்றுப் பூச்சி மருந்தை இன்னொரு முனுசாமி குடித்துவிட்டு, உடம்பு லேசாகிவிட்டது என்று சந்தோஷமாகப் போனார்.

ஒரு விஷயம் மனதில் கிடக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த பழைய கட்டைப் பிரித்தபோது துளசிராமன், ஆரம்பாக்கம் என்று ஒரு தாள் வந்தது. உன் வீட்டுக்காரர், என் மாமாதான். 1972இல் அவருக்கு டி.பி. இருந்ததாமே. அங்கே ரைஸ்மில்லில் வேலை என்று சொல்லி ஒன்றரை வருஷம் தங்கியது இதற்காகத்தானா? கூடப் பிறந்தவனிடம் சொல்லக்கூடாதா அக்கா? பூரண குணம் என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்கும் கீழே, பென்சிலின் ஊசி போட்டு முகம் வீங்கி மூச்சுத் திணறியது, இனி எக்காலத்திலும் போடக்கூடாது என்று இருக்கிறது.

எல்லாவற்றையும் குண்டு குண்டாக என் கையெழுத்தில் கார்டில் ஏற்றிவிட்டேன்.

உன் தம்பி
பூவராகவன்


ஆரம்பாக்கம்
20.2.1977

தம்பி பூவராகவனுக்கு,

நாற்காலிக்குக் கைப்பிடி இருப்பதை எழுதியிருந்தாய். சந்தோஷம். நிற்பதற்கு அலுத்துக்கொண்டே இருப்பாயே, இனி உட்கார்ந்து அலுத்துக்கொள்.

உன் கடிதத்தை உன் மாமாவிடம் படித்துக் காட்டவில்லை. வயலில் நான் களை எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கே தபால்காரர் சின்னதுரை கொண்டுவந்து கொடுத்தார். வரப்பில் நின்று படித்தேன். கால் சேற்றில் புதைந்ததுகூடத் தெரியவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். யாரிடமும் சொல்லவில்லை, அதனால் சொல்லவில்லை. என் மாமியாருக்குத் தெரியாது. அந்த வருஷம் தினமும் ஊசி போட்டுக்கொள்ள அவர் ஊத்துக்கோட்டையில் கிடந்தார். மாசம் ஒரு தரம் நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மில்லில் நல்ல சாப்பாடு போடுகிறார்கள், உங்கள் பிள்ளை பெருத்துவிட்டார் என்று அத்தையிடம் சொல்லுவேன். அத்தையை உனக்குத் தெரியும். கனகாம்பாளுக்கு ஒரு செய்தி தெரிந்தால் அது கும்மிடிப்பூண்டி வரை நடந்தே போய்விடும். டி.பி. என்றால் எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் இலையைக் கடைசியில் போடுவார்கள்.

அங்கே வைத்தியம் பார்த்த டாக்டரிடம் இவருடைய உடம்பைப் பற்றி நானே சொன்னேன். அவர் ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் சொன்னேன். அந்தத் தாளுக்குக் கால் முளைத்துப் பொன்னேரிக்கு நடக்கும் என்று அப்போது தெரியாது.

இன்னொன்று. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் குழாய்க் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். உன் மாமா மனுப் போட்டிருக்கிறார். நம் ஒன்றரை ஏக்கரை நம்பி இன்னும் எத்தனை வருஷம்? அவர்களுடைய டாக்டர் மூச்சை இழுக்கச் சொல்லி, எடை பார்த்து, சரி என்று சொல்லிவிட்டாராம். பெயர் பட்டியலில் வந்துவிட்டது. சம்பள நாளன்று என்ன வாங்குவது என்று இப்போதே பேச்சு நடக்கிறது. அத்தை ரேடியோ கேட்கிறார்.

அதனால் அந்தக் கார்டை எடுத்துவிடு. அக்கா சொல்லுகிறேன் என்று எடுத்துவிடு.

தாயாரம்மாள்


பொன்னேரி
1.3.1977

அன்புள்ள அக்கா,

பயப்படாதே. அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது. அலமாரி பேசாது. சாவி என்னிடம் இருக்கிறது. குளிக்கும்போதுகூட அரைஞாண் கயிற்றில்தான் தொங்குகிறது.

கார்டை எடுக்க முடியாது. அது ஆஸ்பத்திரிச் சொத்து. ஒன்றை எடுத்தால் நாளைக்கு ஒவ்வொருத்தர் அக்காவும் தம்பியிடம் கேட்பார்கள். கார்டால் என்ன லாபம் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். போன வியாழக்கிழமை பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து சின்னப்பொண்ணு என்ற அம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். இறால் கூடையைத் தலையில் வைத்தபடியே விழுந்துவிட்டாராம். பேச்சு இல்லை. கூட வந்தவர்கள் காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். நான் கார்டை உருவினேன். சர்க்கரை வியாதி, பழவேற்காடு கிளையில் தினம் ஊசி போடுகிறார்கள் என்று இருந்தது. காலையில் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் சந்தைக்குக் கிளம்பியிருக்கிறார். டாக்டர் நரம்பில் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார். கால்மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, என் கூடை எங்கே என்று கேட்டார். அடுத்த நாள் அவர் வீட்டுக்காரர் நாகமுத்து எனக்கு ஒரு கூடை நண்டு கொண்டுவந்தார். ரூமில் சமைக்க வழியில்லாமல் நர்சுகளுக்குக் கொடுத்தேன்.

அந்த அம்மாவின் கார்டும் மாமாவின் கார்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. ஒன்று வேண்டும், ஒன்று வேண்டாம் என்று எப்படிச் சொல்லுவது?

மாமாவுக்கு வேலை கிடைத்ததும் எழுது. ரேடியோவில் பாதி நான் தருகிறேன்.

பூவராகவன்


ஆரம்பாக்கம்
28.3.1977

பூவராகவனுக்கு,

வேலை இல்லை.

திங்கட்கிழமை சேரச் சொல்லியிருந்தார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆறு மணி வண்டிக்குப் போனார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தார். கம்பெனியில் ஆள் எடுக்கும் ஆபீசர் பாக்கியநாதன் என்பவர் எல்லார் எதிரிலும் அவரைக் கூப்பிட்டு, உனக்குப் பழைய நெஞ்சு வியாதி இருக்கிறது, இந்த ஷெட்டில் உன்னைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். எந்த வருஷம், எந்த ஊரில் வைத்தியம் என்றுகூடச் சொன்னாராம். வரிசையில் நம் ஊர் ஆட்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

அத்தை அன்று சாயங்காலமே உன் மாமாவின் தம்ளர் அடியில் சிவப்புப் பெயின்ட் வைத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு வைத்திருந்த அந்த டப்பாவை எடுத்து, வீட்டில் இருந்த எல்லாத் தம்ளருக்கும் பெயின்ட் வைத்தேன். அத்தையுடைய வெள்ளித் தம்ளருக்கும் சேர்த்து. இப்போது எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை இரண்டு நாளாகச் சொம்பில் தண்ணீர் குடிக்கிறார்.

உன் மாமா செங்கல் லாரியில் லோடு ஏற்றப் போய்க்கொண்டிருக்கிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அலமாரி பேசாது என்று எழுதினாய். அந்த ஆபீசரிடம் யார் பேசியது?

வருஷப் பிறப்புக்கு இங்கே வராதே.

தா.


பொன்னேரி
4.4.1977

அக்கா,

ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். எனக்கு எதுவும் தெரியாது, கம்பெனி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார் என்று அதில் எழுதியிருந்தேன். அது பொய்.

மார்ச் பதினாறாம் தேதி பெரிய டாக்டர் மதராசுக்குப் போயிருந்தார். அன்று பாக்கியநாதன் ஜீப்பில் வந்தார். கையில் நாற்பத்திரண்டு பெயர். என்னைச் சார் என்று கூப்பிட்டார். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எழுந்து நின்றால், உட்காருங்க சார் என்கிறார். அவர் பேசியதில் நியாயமும் இருந்தது. "நூறு பேரு ஒரே ஷெட்டுல வேல பாக்கறாங்க சார். ஒருத்தனுக்கு இருந்தா அத்தினி பேருக்கும் ஒட்டிக்கும். அவுங்க நல்லதுக்குத்தான கேக்கறேன்" என்றார்.

கார்டைப் படித்துச் சொல்லுவது தப்பு என்று எனக்குப் பட்டது. அதனால் நான் படிக்கவில்லை. பூட்டைத் திறந்து வைத்துவிட்டு, அவருக்கு டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன். அவரே படித்துக்கொண்டால் என் மேல் குற்றம் இல்லை என்று ஒரு கணக்கு. டீக்கடையில் கால்மணி நேரம் வேண்டுமென்றே நின்றேன். திரும்பி வந்தபோது நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். டீயைக் குடித்துவிட்டுக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

மாமாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீதான் எழுதியிருந்தாயே. பூரண குணம் என்று அவ்வளவு பெரிய சிவப்பு எழுத்தில் இருக்கிறது, அதைப் பார்ப்பார் என்று நினைத்தேன். மேல் வரியைப் படித்தவர் கீழ் வரிக்கு வரவில்லை.

சாவியைப் பற்றி நான் பீற்றிக்கொண்டதை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

பூவராகவன்


பொன்னேரி
18.4.1977 (தபால் கார்டு)

அக்கா, பதில் வரவில்லை. கார்டில் எழுதுகிறேன், சின்னதுரை அண்ணன் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதனால் சுருக்கமாக: நீ எடுக்கச் சொன்னதை எடுத்துவிட்டேன். என் டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. இங்கே ஒருவருக்கும் தெரியாது. பதில் போடு. சின்னதுரை அண்ணனுக்கு என் வணக்கம்.
பூ.


ஆரம்பாக்கம்
9.6.1977

தம்பி,

நேற்று உன் மாமாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். தலையில் கட்டு இன்னும் இருக்கிறது. பசி நன்றாக எடுக்கிறது. லாரியிலிருந்து விழுந்த நேரத்தில் எண்ணிக்கொண்டிருந்த செங்கல் எண்ணிக்கையைக் கேட்டால் சரியாகச் சொல்லுகிறார். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஐந்து நாள் உங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தேன். ஐந்து நாளும் நீ காலையிலும் மாலையிலும் காப்பிப் பிளாஸ்கோடு வாசற்படியில் வந்து நின்றாய். காப்பியை வாங்கிக் குடித்தேன். அதைப் பேசிய கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே. கோபமாக இருக்கும்போதும் காப்பி குடிக்கலாம். சர்க்கரை அதிகம்.

லாரி டிரைவர் யேசுதாஸ் முந்தாநாள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நீ வெளியே போயிருந்தாய். அவர்தான் எனக்கு விவரம் சொன்னார். உன் மாமாவை அவர் தூக்கிக்கொண்டு வந்தபோது நினைவே இல்லையாம். பின்மண்டையில் காயம், அது நிறையச் செம்மண். கூட வேறு யாரும் இல்லை. யேசுதாசுக்கு இவர் பெயர் மட்டும்தான் தெரியும். நர்ஸ் ஊசியில் மருந்தை இழுத்துவிட்டாராம்.

"கார்டு ரூம் ஆளு ஓடியாந்து அந்தம்மா கையப் புட்சிக்கினாரும்மா" என்றார். "பென்சிலின் போடாதீங்க, செத்துடுவாருன்னு ஒரே கத்தல். உங்க தம்பின்னு எனக்கு அப்பால தான் தெரியும்."

அதைக் கேட்டதும் நான் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உன் மாமாவை எழுப்பி, உங்களுக்கு எந்த ஊசி ஆகாது என்று கேட்டுப் பார்த்தேன். ஏதோ ஓர் ஊசி, பெயர் மறந்துவிட்டது என்கிறார். நீ எழுதியிருந்தும் எனக்கும் மறந்துதான் போயிருந்தது. அந்தத் தாள் ஊத்துக்கோட்டையிலேயே கிடந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அதே தாள் பொன்னேரிக்கு வந்ததால்தான் வேலையும் போனது. வேலை போனதால்தான் லாரி. இதை எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் உன்னைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் யோசித்தேன். கார்டில் பெயர் எதற்கு? ரேஷன் கடையில் கொடுப்பது போல ஒரு நம்பர் போதாதா? நம்பர் எழுதிய சீட்டு நோயாளி கையில் இருக்கட்டும். அவர் நீட்டினால் கார்டை எடு. எந்த நம்பர் யாருடையது என்ற நோட்டைப் பெரிய டாக்டர் தம் மேஜையில் வேறு பூட்டுப் போட்டு வைத்துக்கொள்ளட்டும். உன்னிடம் ஒரு சாவி, அவரிடம் ஒரு சாவி. ஜீப்பில் வருகிறவர் நாற்பத்திரண்டு பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

உயிர் போகிற விஷயம், இந்த ஊசி ஆகாது என்பது மாதிரி, அதைச் சீட்டின் மேலேயே சிவப்பில் எழுதிவிடு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மற்றது அலமாரிக்குள் இருக்கட்டும்.

எட்டாவது படித்தவள் சொல்லுகிறேன் என்று உங்கள் டாக்டர் சிரித்தாலும் பரவாயில்லை. கார்டைத் திரும்ப வைத்துவிடு. டிரங்குப் பெட்டியில் இருந்தால் யாருக்கும் உபயோகம் இல்லை.

அக்கா


பொன்னேரி
2.7.1977

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தின் மேல் பாதியை மடித்துவிட்டு, கீழ்ப் பாதியைப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லுகிறேன். மாமாவுக்கு வேறு மருந்து கொடுத்துத் தையல் போட்டு முடித்ததும், டாக்டர் கை கழுவிக்கொண்டே, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கார்டில் இருந்தது என்றேன். கார்டு எங்கே என்றார். என் பெட்டியில் என்றேன். ஏன் என்றார். டீக்கடையில் நின்றது முதல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் அன்று முழுவதும் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த நாள் கூப்பிட்டார்.

"நீ ரெண்டு தப்புப் பண்ணியிருக்கே. தொறக்கக்கூடாதப்போ தொறந்தே. இருக்க வேண்டிய எடத்துலேர்ந்து ஒண்ண எடுத்து மறைச்சே. எது பெரிய தப்புன்னு நானும் யோசிச்சிப் பாத்துட்டேன், தெரியல" என்றார். பிறகு, பூட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு விதிகூட எழுதிக் கொடுக்காமல் போனது தம்முடைய தப்பு என்றும் சொன்னார். என்னைத் திரும்ப ஜன்னலுக்கு அனுப்பிவிடுவார் என்றுதான் இருந்தேன். அனுப்பவில்லை. மூன்று மாசம் சம்பள உயர்வு கிடையாது.

உன் யோசனையை இரண்டு தரம் படித்தார். நினைவில்லாமல் வருகிற ஆள் சீட்டை எப்படி நீட்டுவான் என்று கேட்டார்.  அவரே சொன்னார்: அப்படி வந்தால் டாக்டர் நோட்டைத் திறக்கலாம், ஆனால் யார் திறந்தது, எதற்காக என்று அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ஆள் கண் விழித்ததும் அவரிடம் சொல்லவும் வேண்டும். கம்பெனிகளுக்கு இனி ஒரே பதில். ஆளை நேரில் அனுப்புங்கள், இன்றைக்குப் பார்த்து வேலைக்குத் தகுதி, தகுதியில்லை என்று மட்டும் எழுதித் தருவோம். எட்டாவதுக்கு மேல் படித்திருந்தால் உன் அக்கா என் வேலைக்கே வந்திருப்பார் என்றார். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், உனக்குத் தலைக்கனம் ஏறும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

மூன்று வாரமாக ஒன்பதாயிரம் கார்டிலும் பெயரை மறைத்துக் காகிதம் ஒட்டி நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறேன். விரலெல்லாம் பசை. முனுசாமிகள் தொல்லை ஒழிந்தது. மாமாவின் நம்பர் 4410. சீட்டு இதோடு இருக்கிறது. சிவப்பில் எழுதியிருப்பதை அவரிடம் படித்துக் காட்டு.

நேற்று ஒருவர் வந்தார். போன முறை ஜீப்பில் வந்தவர், இந்த முறை பஸ்ஸில். எல்லாரும் போகும்வரை மரத்தடியில் காத்திருந்துவிட்டு உள்ளே வந்து, தமக்கு ஓர் உடம்புக் கோளாறு இருக்கிறது, எங்கள் டாக்டரிடம் காட்ட வேண்டும், ஆனால் தாம் வேலை பார்க்கும் இடத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்றார். சார் என்று கூப்பிடவில்லை. "தம்பி, எம் பேரு எங்கியும் வராதில்ல?" என்று மூன்று தரம் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பழிதீர்க்கவும் தோன்றியது. ஆனால் அவர் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வராது என்று சொல்லி ஒரு நம்பரைக் கொடுத்தேன். யாரென்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

பூவராகவன்


ஆரம்பாக்கம்
11.9.1977

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாமா வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது. உங்கள் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, வேலைக்குத் தகுதி என்று இரண்டே வார்த்தை எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த ஆபீசர் எழுந்து நின்று வாங்கினாராம். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டாராம். எல்லார் எதிரிலும் சொன்னது தப்பு என்று, அதையும் எல்லார் எதிரிலுமே சொன்னாராம். உன் மாமாவுக்கு அதில்தான் மனசு ஆறியது. அன்றைக்கு வரிசையில் இருந்த நம் ஊர் ஆட்கள் வந்து வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

அத்தையிடம் நான் கேட்டேவிட்டேன், உங்கள் பிள்ளை நான்கு வருஷமாக இதே வீட்டில்தானே சாப்பிடுகிறார், உங்களுக்கு ஏதாவது வந்ததா என்று. "அத மொதல்லியே சொல்லியிருந்தா நான் ஊத்துக்கோட்டைக்கு வந்து எம் புள்ளைக்கு ஆக்கிப் போட்டிருப்பேனே. மில்லுச் சோறுன்னு என்னியும் ஏமாத்திக்கினு இருந்தியே" என்று அழுதார்.  சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. சொல்லுவதற்கு நானாக ஒரு நாள் பார்த்திருப்பேன். அந்த நாளை இன்னொருத்தர் குறித்துவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன கடிதத்தில் ஒரு ஆளைப் பற்றி எழுதிவிட்டு, யாரென்று சொல்ல மாட்டேன் என்றாய். ஜீப் என்று எழுதியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இனி அவ்வளவுகூட எழுதாதே. அவர் என்ன ஆபீசராக இருந்தாலும் நோயாளிதானே. அந்தத் தாளை மட்டும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு வந்துவிடு. வருஷப் பிறப்புக்கும் சேர்த்துச் சமைக்கிறேன்.

உன் அக்கா
தாயாரம்மாள்

பின்குறிப்பு: எதிர்வீட்டுச் செங்கம்மாள் நான்கு செவ்வாய்க்கிழமையாகப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறாள். கேட்டால் மார்க்கெட்டுக்குப் போனேன் என்கிறாள், கையில் ஒரு கத்தரிக்காய்கூட இல்லை. அவளுக்கு உடம்புக்கு என்ன? எனக்கு மட்டும் எழுது.


பொன்னேரி
17.9.1977

அன்புள்ள அக்கா,

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன். மாமாவுக்கு என் நமஸ்காரம். அத்தைக்கு ரேடியோவுக்கு என் பங்கைக் கையோடு கொண்டுவருகிறேன்.

பின்குறிப்பில் கேட்டதற்கு: சொல்ல மாட்டேன்.

அவர் இங்கே வந்தாரா என்பதையும் சொல்ல மாட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும். மறுபடியும் இரண்டு மாசம் பேசாமல் இருந்தாலும் இருப்பாய். காப்பி மட்டும் குடிப்பாய். இருந்தாலும் சொல்ல மாட்டேன் அக்கா.

பூவராகவன்


ஆரம்பாக்கம்
26.9.1977

தம்பி,

உன் கடிதம் வந்ததும் கோபம்தான் வந்தது. கூடப் பிறந்தவளுக்குச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பழைய கடிதங்களை எடுத்துப் படி என்று உன் மாமா சொன்னார். படிக்கவில்லை. என்ன இருக்கும் என்று தெரியும்.

நேற்று மத்தியானம் செங்கம்மாள் வந்தாள். நெல் உலர்த்திக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நெல்லையே கிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "உந் தம்பி அங்கதான கீறாரு. என்னப் பத்தி உனுக்கு எல்லாம் எழுதியிருப்பாரே" என்றாள்.

"கேட்டு எழுதுனேன். சொல்ல மாட்டேன்னுட்டான்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகத்தானா என்று கேட்டாள். உள்ளே போய் உன் கடிதத்தை எடுத்து வந்து அந்த மூன்று வரியைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெல்லைத் தள்ளிவிட்டு என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளோடு நானும் வருகிறேன்.

அவள் என்ன சொன்னாள் என்பதை உனக்கு எழுத மாட்டேன்.

உன் அக்கா
தாயாரம்மாள்